110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாக்கியம்

காடி ஓட்டுகிறவருக்குக் கண் சாலையில் இருக்கிறது, கையும் காலும் வேலையில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கும் பாதிக் கவனம்தான் கிடைக்கும். முன்னால் போகும் லோரி திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பாதியும் போச்சு. தமிழ் வானொலி நிகழ்ச்சிகளை மதிப்பிட இதைவிடக் கறாரான இடம் இல்லை என்பது என் எண்ணம். வீட்டில் அடுப்படி வேலையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா நிகழ்ச்சியும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டார் வரை தனியாக ஓட்டிப் பாருங்கள். எது காதில் ஏறுகிறது, எது வழுக்கிக்கொண்டு போகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

நம் ஆசிரியர்கள் பலருக்கு இது பழகிய விஷயம்தான். வேலை ஒரு மாநிலத்தில், குடும்பம் இன்னொரு மாநிலத்தில். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள் நம்மிடையே நிறைய பேர். கெடாவில் இருப்பவர்களுக்கு வியாழன் மாலை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பயணங்களில் வானொலி கேட்டு வகுப்புக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: "செய்தி கேளுங்க, பொது அறிவு வளரும்." மாணவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். பொது அறிவு வளரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வானொலியிடம் நாம் கேட்டு வாங்க வேண்டிய சரக்கு வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் நாட்டில் நெடுஞ்சாலையும் தமிழ் வானொலியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. புக்கிட் காயூ ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கிலோமீட்டர் நீளும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்று ராகா என்று நாம் அழைக்கும் நிலையத்தின் பழைய பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த டி.எச்.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு விரிவு 'டைம் ஹைவே ரேடியோ'. பெயரிலேயே நெடுஞ்சாலை இருந்தது. அரசாங்கத்தின் மின்னல் எஃப்.எம்., அதற்கு முன் ரேடியோ 6 என்று நம் பெற்றோர் கேட்டது, அதைவிட மூத்தது. தெற்கே போய் ஜொகூர் பாருவை நெருங்கினால் சிங்கப்பூரின் ஒலி 96.8 வந்து சேர்ந்துகொள்ளும். ஆக, ஒரே பயணத்தில் இரண்டு நாட்டுத் தமிழையும் அடுத்தடுத்துக் கேட்கிற வாய்ப்பு நமக்கு இருக்கிறது. உலகத்தில் எத்தனை தமிழாசிரியருக்கு இது கிடைக்கும்?

ஆசிரியர் அறையில் வானொலிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டுதான்: "ரேடியோக்காரங்கதான் தமிழக் கெடுக்கிறாங்க." ஆங்கிலம் கலக்கிறார்கள், மலாய் கலக்கிறார்கள், ழகரம் வரவில்லை என்று பட்டியல் நீளும். இன்னொரு பக்கம் மூத்த ஆசிரியர்கள் இலங்கை வானொலிக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். பி.எச். அப்துல் ஹமீத் போன்ற ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஏக்கம் வருவது இயல்பு. எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும். ஆனால் கலப்பும் உச்சரிப்பும் நோயின் மேல்தோல் மட்டும்தான் என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் சிக்கலைப் பார்க்க, ஒரு செய்தி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது நானே உருவாக்கிய மாதிரி. எந்த நிலையத்திலும் வந்ததில்லை, ஆனால் எந்த நிலையத்திலும் வரக்கூடியது:

"நாட்டின் தென் மாநிலங்களில் கடந்த மூன்று நாள்களாகப் பெய்துவரும் தொடர் மழையினால் ஏற்பட்ட வெள்ளத்தில் பாதிக்கப்பட்டுத் தற்காலிகத் துயர்துடைப்பு மையங்களில் தங்கவைக்கப்பட்டுள்ள குடும்பங்களுக்குத் தேவையான உணவு, மருந்து, போர்வை உள்ளிட்ட பொருள்களை உடனடியாக அனுப்பிவைக்க மாநில அரசு நடவடிக்கை எடுத்து வருவதாக அதிகாரி ஒருவர் தெரிவித்தார்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கட்டுரைத் தாளில் வந்தால் நாமே சரி போட்டுவிட்டுப் போவோம். நிதானமாக வாசித்தால் 20 வினாடி ஆகும். நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 'தென் மாநிலங்களில்' என்று தொடங்கி 'தெரிவித்தார்' என்று முடிவதற்குள் காடி 600 மீட்டர் தாண்டிவிடும். அதுவரை கேட்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு பயனிலை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். பெய்துவரும், ஏற்பட்ட, தங்கவைக்கப்பட்டுள்ள, தேவையான, உள்ளிட்ட என்று பெயரெச்சத்தின்மேல் பெயரெச்சம். நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால் மழையும் போர்வையும் அதிகாரியும் சேர்ந்து சாலையில் கொட்டிவிடும்.

தமிழில் வினை கடைசியில் வரும். இது குறையே இல்லை, நம் மொழியின் அமைப்பு அப்படி. ஆனால் அந்த அமைப்பு காதுக்குச் சுகமாக இருக்க வேண்டுமானால் வினை சீக்கிரம் வர வேண்டும். இதே செய்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தென் மாநிலங்களில் மூன்று நாளாக மழை. வெள்ளம் வந்துவிட்டது. வீட்டைவிட்டு வந்தவர்கள் துயர்துடைப்பு மையங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உணவும் மருந்தும் போர்வையும் அனுப்பும் வேலை நடக்கிறது. மாநில அதிகாரி ஒருவர் இதைச் சொன்னார்." ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பிடிமானம். ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம்.

செய்தியை நான் மட்டம் தட்டவில்லை. துயர்துடைப்பு மையம் போன்ற சொற்கள் நம் வாயில் பழகியதில் செய்தி வாசிப்பாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ல, ள, ழ வேறுபாட்டை ஒரு நாளில் பலமுறை ஒழுங்காகக் காதில் போடுகிற இடமும் பல வீடுகளில் அது ஒன்றுதான். ஆனால் நம் மாணவர்கள் அந்தச் சொற்களோடு சேர்த்து அந்த வாக்கிய அமைப்பையும் வாங்கிவிடுகிறார்கள். "இன்றைய நவீன அறிவியல் தொழில்நுட்ப உலகில்..." என்று தொடங்கி எட்டு வரிக்கு அப்புறம் எழுவாய் என்ன என்றே மறந்துபோகிற கட்டுரைகளைத் திருத்தாத ஆசிரியர் யார்?

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருவோம். செய்தி முடிந்ததும் பாட்டு, பாட்டு முடிந்ததும் அரட்டை. இரண்டு அறிவிப்பாளர்கள், ஒரு தலைப்பு. உங்கள் காதலி உங்கள் கைப்பேசியைப் பார்த்தால் என்ன செய்வீர்கள், மாமியார் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் எப்படித் தப்பிப்பீர்கள், இந்த மாதிரி. எந்த நிலையம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் "ஆமா ஆமா, கண்டிப்பா" என்பார். சிரிப்பு வாக்கியத்தைவிட நீளமாக இருக்கும். இவர்கள் பேசுவது நல்ல உயிருள்ள பேச்சுத் தமிழ். வேகம் இருக்கிறது, நம் ஊர் வாசனை இருக்கிறது. தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை கேட்டாலும் அலுக்காது. ஆனால் தஞ்சோங் மாலிமில் இறங்கி, என்ன கேட்டீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

இந்த இரண்டையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பிள்ளை எப்படிக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். செய்தித் தமிழ் கம்பீரமானது, ஆனால் தனக்கு ஆனதில்லை. அரட்டைத் தமிழ் தனக்கானது, ஆனால் அதில் கேலியும் கிண்டலும் மட்டும்தான். அப்படியென்றால் ஒரு விஷயத்தைப் பொறுமையாக அலசவும், ஒத்துக்கொள்ளவும், மறுக்கவும், சந்தேகப்படவும் எந்த மொழி? ஆங்கிலம். அல்லது மலாய். தமிழில் யோசிக்க முடியாது என்று யாரும் அந்தப் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. காரில் ஓடிய வானொலியே சொல்லிக்கொடுத்துவிட்டது. கலப்பையும் உச்சரிப்பையும் விட எனக்குப் பயம் தருவது இதுதான்.

சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பாடத்திட்ட மீள்பார்வைக் குழு, தரமான பேச்சுத் தமிழை வகுப்பறையில் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது எழுந்த வாதங்களில் பெரும்பகுதி 'எது தரம்' என்ற கேள்வியைச் சுற்றியே போனது. கொச்சை எது, தரம் எது, 'வாங்க' சரியா, 'வந்துக்கிட்டு' சரியா என்று. என்னைக் கேட்டால், ஒரு பேச்சு தரமானதா என்பதை அதில் எத்தனை சொல் திரிந்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது. அதில் ஒரு எண்ணம் முன்னால் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல மாதிரி எங்கே கிடைக்கும் என்றால், அதே வானொலியில்தான். ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கிற இடத்தில் இல்லை.

மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், சில சமயம் தோட்டக்கலை தெரிந்தவர்கள் வந்து நேயர்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நட்சத்திர மதிப்பு இல்லாத நிகழ்ச்சிகள். பலர் இந்த நேரத்தில்தான் நிலையத்தை மாற்றுவார்கள். ஒருமுறை வடக்கே போகும்போது நீரிழிவு பற்றி ஒரு மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா அழைத்து, சோற்றைக் குறைத்தும் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை என்று வருத்தப்பட்டார். மருத்துவர் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை இப்படியே இருந்திருக்காது, என் நினைவில் தங்கிய வடிவம் இது:

"நீங்க சோத்தக் கொறச்சிட்டீங்கம்மா, அது சரி. ஆனா கடையில குடிக்கிற தே தாரிக்ல இருக்கிற சீனிய யாரு கணக்குல வைக்கிறது? அதுக்காக டீயே குடிக்கக்கூடாதுன்னு நான் சொல்லல, தே ஓ கோசோங் கேளுங்க. அப்படியும் ஏறுச்சுன்னா, மருந்து அளவப் பாக்கணும்."

மலாய்ச் சொல் இருக்கிறது. 'சோத்த' இருக்கிறது. எழுத்துத் தேர்வில் வந்தால் சிவப்பு மை வழியும். ஆனால் இதற்குள் நடக்கிற வேலையைப் பாருங்கள். 'அது சரி' என்று எதிராளியின் வாதத்தில் நியாயம் உள்ள பகுதியை ஒத்துக்கொள்கிறார். 'ஆனா' என்று விட்டுப்போன ஒன்றைக் காட்டுகிறார். 'அதுக்காக... சொல்லல' என்று தன் வாதம் எதுவரை செல்லும் என்று எல்லை போடுகிறார். 'அப்படியும் ஏறுச்சுன்னா' என்று தான் சொன்னது தோற்றுப்போனால் அடுத்து என்ன என்பதையும் சொல்கிறார். நான்கே வாக்கியம். ஒரு விவாதக் கட்டுரையின் முழு எலும்புக்கூடும் உள்ளே இருக்கிறது. எஸ்.பி.எம். வகுப்பில் 'மறுப்புக் கருத்தையும் எழுதுங்கள்' என்று நாம் தொண்டை வறளக் கத்துவது எதற்காகவோ, அது இங்கே சர்வ சாதாரணமாக நடந்துவிட்டது.

நம் மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் தடுமாறுவது சொல் தெரியாமல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சொற்பட்டியல் கொடுக்கிறோம், மரபுத்தொடர் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குத் தாண்டுகிற பாலம்தான் அவர்களிடம் இல்லை. 'ஆனா', 'அதனாலதான்', 'அப்படின்னா', 'இருந்தாலும்', 'அது ஒரு பக்கம்', 'அதுக்காக', 'சொல்லப்போனா'. இவை எல்லாம் வீட்டில் பெரியவர்கள் தமிழில் வாதாடும்போது தானாக வருகிற சொற்கள். வீட்டில் அந்த வாதம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் பிள்ளைக்கு இந்தப் பாலங்கள் கிடைக்க வேறு வழி வேண்டும். ஐந்து மணி நேரப் பயணத்தில் நல்ல ஒரு நேர்காணலைக் கேட்டால் இவற்றில் பெரும்பாலானவை காதில் விழுந்துவிடும்.

அடுத்து, பாட்டு விருப்ப நிகழ்ச்சி. இதையும் நாம் கேவலமாகத்தான் நினைக்கிறோம். பெயர் சொல்வது, ஊர் சொல்வது, 'அனைவருக்கும் என் வாழ்த்துகள்', அப்புறம் பாட்டு. பத்தில் ஒன்பது அழைப்பு அப்படித்தான் போகும், மறுக்கவில்லை. பத்தாவதுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் இரவு லோரி ஓட்டும் ஒருவர் அழைத்து மகளுக்காகப் பாட்டுக் கேட்டார். மகள் எஸ்.பி.எம். எழுதப்போகிறாள். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. "அவ ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறாங்க. நான் ரோட்ல இருக்கேன். லைட்ட அணைச்சிட்டுத் தூங்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அறிவிப்பாளர், வழக்கமாகச் செய்வதுபோல 'ஆஹா, என்ன ஓர் அப்பா!' என்று மேலே விழுந்து புகழவில்லை. "சொல்லிட்டோங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

விமர்சகனாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் அறிவிப்பாளர் செய்ததுதான் கலை. நேயர் கொண்டுவந்த கனத்தைக் குலைக்காமல் இறக்கி வைத்தார். அன்பு, பாசம், தியாகம் என்ற சொல் எதுவும் அந்த உரையாடலில் வரவில்லை. நம் பாடநூல் சிறுகதைகளில் பலவும் கடைசிப் பத்தியில் அந்தச் சொற்களைக் கொட்டிவிட்டுத்தான் அடங்கும். 'விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்' என்பது எப்படி 'நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்' ஆகிறது என்று படிவம் நான்கு மாணவர்களிடம் கேட்டால் அரை மணி நேரம் வகுப்பு ஓடும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

வானொலி நாடகத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. காடி ஓட்டுகிறவர் கண்ணை மூடாமலே கண் இல்லாதவர். மேடை தெரியாது, முகம் தெரியாது, யார் உள்ளே வந்தார்கள் என்று தெரியாது. எல்லாவற்றையும் குரலும் ஒலியும் சொல்ல வேண்டும். அதனால்தான் நல்ல வானொலி நாடகத்தில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பெயரோ முறையோ சொல்லி அழைப்பார்கள். அச்சில் படிக்கும்போது இது கொஞ்சம் உறுத்தும். காதில் கேட்டால் உறுத்தாது. இதைத் தெரிந்துகொண்டு செய்தவர் சிங்கப்பூரின் புதுமைதாசன், அதாவது பி. கிருஷ்ணன். ஜொகூர் பாருவில் பிறந்து, சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றி, நூற்றுக்கணக்கான வானொலி நாடகங்களை எழுதியவர். 2008-இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவருடைய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' அறுபதுகளின் கடைசியில் தொடராக ஒலிபரப்பான நகைச்சுவை நாடகம். கம்பத்து வாழ்க்கையிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலத்தை, அந்த மக்கள் பேசிய பேச்சிலேயே அவர்களுக்குச் சொன்னது. பின்னால் நூலாகவும் வந்தது.

அதை வகுப்பில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மௌன வாசிப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாணவர்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள், நான்கு பேரை மட்டும் பின்னால் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள் என்று பெயர் படிக்காமலே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கே பாத்திரப் படைப்பு இருக்கிறது. இலக்கியப் பாடத்தில் 'இன்னாரின் பண்புநலன்களை விளக்குக' என்ற கேள்விக்கு, நல்லவர், வல்லவர், பொறுமைசாலி என்று மூன்று சொல்லை ஒப்பிப்பதைவிட, 'இவர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை' என்று எழுதுகிற மாணவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நம் பக்கத்தில் ரெ. கார்த்திகேசுவை நினைத்துக்கொள்வேன். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அறியப்படுவதற்கு முன் அவர் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புத் துறையில் இருந்தவர். 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' போன்ற அவருடைய நாவல்களின் உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் மூச்சுத் தட்டாது. ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பழகியவரின் கை என்று எனக்குப் படும். ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வாசகனாக என் ஊகம். ஆனால் எழுத ஆசைப்படும் மாணவர்களிடம், எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார் என்று சொல்வதற்கு அவரை நல்ல சாட்சியாகக் கூப்பிடலாம்.

வலையொலியும் யூடியூபும் இருக்கும்போது வானொலி எதற்கு என்று இளைய ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வலையொலியில் நல்ல உரைகள் நிறைய இருக்கின்றன, வேண்டிய நேரத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். ஆனால் நான் தேர்ந்தெடுத்தது மட்டுமே அங்கே வரும். எனக்கு நீரிழிவு இல்லை, லோரி ஓட்டுகிற அப்பாவும் இல்லை. நானாகத் தேடியிருந்தால் அந்த இரண்டு குரலும் என்னிடம் வந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற அலை, மலை மறைத்தால் தேய்ந்துவிடும். ஈப்போவைத் தாண்டிக் கோலகங்சார் போகும் வழியில், மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம், பேச்சு பாதியில் கரகரத்து அறுந்துபோகும். மறுபடி தெளிவாகும்போது வேறு விஷயம் ஓடிக்கொண்டிருக்கும். அழைத்த பெண்ணின் அண்ணன் வீடு திரும்பினாரா இல்லையா, தெரியாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தைப்பிங் வரைக்கும் மனசு அந்தக் கதையை எழுதிக்கொண்டே வரும். கதையை முடிக்கும் கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பயிற்சி நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கேட்டதை உடனே குறித்துவைக்க வேண்டாம், ஓட்டும்போது கைப்பேசியைத் தொடவே வேண்டாம். அடுத்த ஓய்விடத்தில் காடியை நிறுத்தி, டீ வாங்கிக்கொண்டு, எது ஞாபகத்தில் இருக்கிறதோ அதை மட்டும் எழுதினால் போதும். 80 கிலோமீட்டர் தாண்டியும் மறக்காத வாக்கியம் வகுப்பிலும் மறக்காது.

தேர்வெழுதும் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. அப்பா அம்மாவோடு ஊருக்குப் போகும்போது காதுப்பொறியைக் கழற்றிவிட்டு, ஒரு பத்து நிமிடம் பேச்சு நிகழ்ச்சி ஏதாவது கேளுங்கள். அடுத்த டோல் வந்ததும் கேட்டதை மூன்று வாக்கியத்தில் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பிறகு அதே மூன்றையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். மருத்துவர் சொன்னதை மாற்றினால் இப்படி வரும்: "நீங்கள் சோற்றைக் குறைத்துவிட்டீர்கள், அது சரியே. ஆனால், கடையில் அருந்தும் தேநீரில் உள்ள சீனியைக் கணக்கில் சேர்த்தீர்களா? அதற்காகத் தேநீரையே தவிர்க்க வேண்டும் என்பதில்லை. சீனி இல்லாமல் கேட்டு அருந்தலாம். அப்படியும் அளவு உயர்ந்தால், மருந்தின் அளவைப் பரிசீலிக்க வேண்டும்." சொற்கள் உடை மாற்றிக்கொண்டன. சரி, ஆனால், அதற்காக, அப்படியும் என்ற நான்கு பாலமும் அப்படியே நிற்கின்றன. சிங்கப்பூர் மாணவர்களுக்குக் கேட்டல் கருத்தறிதலிலும் வாய்மொழித் தேர்விலும் இது நேரடியாக உதவும். இங்கே உள்ளவர்களுக்குக் கேட்டல், பேச்சுத் திறனுக்கும் கட்டுரைக்கும் சேர்த்து உதவும். திருக்குறளில் கல்வி 40-ஆவது அதிகாரம், கேள்வி 42-ஆவது. படிப்புக்கு ஓர் அதிகாரம் கொடுத்த வள்ளுவர், கேட்பதற்கும் தனியாக ஒன்று கொடுத்திருக்கிறார். நம் பாட அட்டவணையில் கேட்டலுக்கு எத்தனை பாடவேளை ஒதுக்குகிறோம் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

லோரிக்கார அப்பாவின் அழைப்பை, என்ன பாட்டு என்று சொல்லாமல், படிவம் நான்கில் கொடுத்து மகளின் கோணத்திலிருந்து எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் மகள் அழுதாள், அப்பாவின் தியாகத்தை உணர்ந்தாள், நன்றாகப் படித்துத் தேர்ச்சி பெற்றாள் என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். மகள் அன்றைக்கு ஒன்பது மணிக்கே புத்தகத்தின்மேல் தூங்கிவிட்டாள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வானொலியை யாரும் போடவில்லை. அம்மா வந்து விளக்கை அணைத்தார். 20-க்கு 17 போட்டேன். மற்ற மூன்றும் லகர, ளகரத்துக்குப் போயிற்று.